பாடாத நேரத்து முகம்

1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை மாலை. நியூயார்க்கிலிருந்து சி.பி.எஸ். தொலைக்காட்சி ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ என்ற ஒரு மணி நேர நிகழ்ச்சியை நேரலையாக ஒளிபரப்பியது. அதில் பில்லி ஹாலிடே ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ என்ற தம் சொந்த ப்ளூஸ் பாட்டைப் பாடுகிறார். எட்டு நிமிடம் போல வரும். ஜாஸ் பாடகி ஒருவரைப் பல கேமரா வைத்துப் படம்பிடித்ததில் இதைவிட உயர்ந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அதன் உச்சம், பாடகி வாய்மூடி உட்கார்ந்திருக்கும் ஓர் இடம்.

முதலில் அந்த இடத்தின் வெறுமையைச் சொல்ல வேண்டும். அக்காலத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளின் ஜோடனை எதுவும் இங்கே இல்லை. தயாரிப்பாளர் ராபர்ட் ஹெரிட்ஜுக்கு அதெல்லாம் பிடிக்காது. வெறும் ஸ்டூடியோ. வாத்தியக்காரர்கள் ஒத்திகைக்கு வந்த கோலத்தில் நிற்கிறார்கள். சிலர் தலையில் தொப்பி, காற்றில் சிகரெட் புகை. ஒரு கேமராவின் சட்டத்துக்குள் இன்னொரு கேமரா தெரிந்தாலும் யாரும் பதறவில்லை. ஹாலிடே இதற்கென்றே விலை உயர்ந்த கவுன் ஒன்று வாங்கி வைத்திருந்தாராம். சாதாரண உடை போதும் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்ததை, கலைஞர்களைத் தேர்ந்தெடுத்த விமர்சகர் இருவரில் ஒருவரான நாட் ஹென்டாஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கவுன் வந்திருந்தால் கேமராக்கள் அதைத்தான் பார்த்திருக்கும். இப்போதோ, பின்னால் இழுத்துக் கட்டிய கூந்தலும் எளிய உடையுமாக உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைத் தவிர பார்க்க வேறொன்றும் இல்லை.

அவரைச் சுற்றி அரைவட்டமாக நிற்பவர்களின் பட்டியல் ஜாஸ் ரசிகர்களைத் தலைசுற்ற வைக்கும். டெனர் சாக்ஸபோனில் மட்டும் மூன்று பேர்: கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங். பேரிடோன் சாக்ஸில் ஜெர்ரி மலிகன், ட்ராம்போனில் விக் டிக்கன்சன், ட்ரம்பெட்டில் ராய் எல்ட்ரிஜும் டாக் சீத்தமும். பியானோவில் மால் வால்ட்ரன். இத்தனை மகாவித்வான்களை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனாலே நிகழ்ச்சி முடிந்துவிடும். இயக்குநர் ஜாக் ஸ்மைட் அப்படிச் செய்யாததில்தான் எல்லாம் இருக்கிறது.

ப்ளூஸின் அமைப்பு இங்கே இயக்குநருக்கு வரைபடம் போல உதவுகிறது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு பார். முதல் வரிக்கு நான்கு, அதே வரி மறுபடி வரும்போது நான்கு, அதற்கு மறுமொழியாக வரும் வரிக்கு நான்கு. பாடுபவர் அந்த நான்கு பாரையும் நிரப்புவதில்லை. பாதியில் வரி முடிந்துவிடும். மிச்ச இடத்தில் ஒரு வாத்தியம் பதில் சொல்லும். யார் என்ன ஊதப்போகிறார் என்பது ஊதுபவருக்கே தெரியாது, ஆனால் சுற்று எங்கே முடியும் என்பது ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும். தாளம் மெதுவானது, ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு அவசரமில்லை. இந்த அவசரமின்மையை அப்படியே படத்துக்குள் கொண்டுவந்ததுதான் ஸ்மைட்டின் முதல் புத்திசாலித்தனம். இன்றைய கச்சேரிப் பதிவுகளில் இரண்டு விநாடிக்கு ஒரு கட் விழுகிறது. பாட்டு நம்மைப் பிடித்து வைக்காது என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஹாலிடே முதல் சுற்றைப் பாடி முடிக்கிறார். வெப்ஸ்டர் எடுத்துக்கொள்கிறார். கனத்த, மூச்சு கலந்த நாதம். சுரம் தீர்ந்த பிறகும் குழலில் காற்று மட்டும் கொஞ்ச நேரம் மிஞ்சும். அடுத்து லெஸ்டர் யங்.

இவரைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1930-களின் பிற்பாதியில் ஹாலிடேயின் இசைத்தட்டுகளில் அவர் குரலோடு இழைந்து போனது யங்கின் சாக்ஸபோன். ‘லேடி டே’ என்ற பட்டத்தை அவருக்கு யங் கொடுத்தார். ‘ப்ரெஸ்’ என்ற பட்டத்தை யங்குக்கு அவர் கொடுத்தார். பிறகு நெருக்கம் விட்டுப்போயிற்று. இளமையில் சாக்ஸபோனைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து ஊதியவர், அன்றைக்கு உடல் நலிந்து, நிகழ்ச்சியின் பெரும்பகுதி உட்கார்ந்தே இருந்தார். தம் முறை வந்ததும் எழுந்து நின்று ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். சுரங்களை எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, வரலாமா வேண்டாமா என்று யோசித்து வருவதுபோல் வந்து சேர்கிறது.

அவ்வளவு எளிமையான வாசிப்புக்குக் கேமரா என்ன செய்ய முடியும்? விரல்களைக் காட்டலாம், ஆனால் விரல்களில் பெரிய ஓட்டம் எதுவும் இல்லை. ஸ்மைட் ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறார். க்ளோசப். அவர் யங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலை லேசாக ஆடுகிறது. உதட்டோரம் சிரிப்பு தோன்றி, முழுச் சிரிப்பாகாமல் நின்றுவிடுகிறது. ஒரு சொற்றொடர் முடியும் இடத்தில் ‘ஆமாம், அதேதான்’ என்கிற மாதிரி ஓர் அசைவு. நம் கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரர் ஒரு பிடி போட்டதும் பாடகர் முகத்தில் ‘பேஷ்’ மலருமே, ஏறக்குறைய அதுதான். ஆனால் இதில் சபைக்குக் காட்டும் எண்ணம் துளியும் இல்லை. யங்கின் வாசிப்பு எவ்வளவு உயர்ந்தது என்பதை எந்த விமர்சகரும் இத்தனை தெளிவாக எழுதியதில்லை.

இந்த க்ளோசப் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தால் ருசி இன்னும் கூடுகிறது. அக்கால ஸ்டூடியோ கேமராவின் முன்பக்கத்தில் பொதுவாக நான்கு லென்ஸ்கள் பொருத்திய ஒரு சுழல்தட்டு இருக்கும். லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் தட்டைச் சுழற்ற வேண்டும்; அந்தச் சுழற்சி நேயர் கண்ணில் படக்கூடாது. எனவே இயக்குநர் வேறொரு கேமராவை ஒளிபரப்பில் வைத்திருக்கும்போதே லென்ஸை மாற்றி, ஃபோகஸைச் சரிசெய்து, சட்டத்தை அமைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கட் விழுவதற்கு முன்பே யாரோ ஒரு கேமராமேன், எல்லோரும் யங்கைப் பார்க்கும் நேரத்தில், பாடாமல் இருக்கும் பாடகியைத் தேடிப் போயிருக்கிறார். கன்ட்ரோல் ரூமின் மோனிட்டர் வரிசையில் அந்த முகம் அடக்கமாக எரிந்துகொண்டிருந்திருக்கும். அதைக் கண்டு, ‘எடு’ என்று சொல்ல ஸ்மைட்டுக்குத் தோன்றியிருக்கிறது. நேரலையில் இதைத் திருத்த வழியில்லை. கை ஒரு விநாடி தயங்கியிருந்தால் அந்தத் தலையசைப்பு யாருக்கும் கிடைத்திராது.

யங் 1959 மார்ச்சில் இறந்தார், ஹாலிடே அதே ஆண்டு ஜூலையில். இதை அறிந்தவர்கள் இந்தக் காட்சியை ஒரு விடைபெறல் என்றே பார்க்கிறார்கள். கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் கண்கலங்கியதாகவும் ஹென்டாஃப் எழுதியிருக்கிறார். இருக்கலாம். எனக்கென்னவோ அந்த முகத்தில் துயரத்தைவிட ருசிதான் அதிகம் தெரிகிறது. நல்ல இசையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒரு பெண்ணின் சந்தோஷம் அது. மரணத்தை நாமாகக் கொண்டுபோய் அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கும் அதே முகம் கிடைக்கிறது, வேறு வேறு நிறத்தில். முப்பது வயது மலிகன் பெரியவர்கள் நடுவே வாசிக்கிறார். ஹாக்கின்ஸ் வீட்டுப் பெரியவர் மிடுக்கோடு. எல்ட்ரிஜ் மட்டும் இரண்டு சுற்று எடுத்துக்கொண்டு உச்சியில் போய் அலறுகிறார். ஹாலிடே கேட்டுவிட்டுப் பாடத் திரும்பும் ஒவ்வொரு முறையும், இப்போது கேட்டது குரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. கேட்பதை நாம் பார்த்துவிட்டதால்தான் இது நமக்குப் புரிகிறது. நான்கு நாள் முன்னதாக, டிசம்பர் 4 அன்று, இதே பாட்டை கொலம்பியா நிறுவனம் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தது. நல்ல பதிவுதான், ஆனால் அதில் பாட்டும் வாத்தியங்களும் தனித்தனியே வந்துபோகின்றன. நடுவில் நின்று இணைக்கும் அந்தப் பார்வை இல்லை.

இன்று நமக்குக் கிடைப்பது கினெஸ்கோப் பிரதி, அதாவது மோனிட்டர் திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்து எடுத்தது. படம் மெத்தென்று, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

குறை வேறு இடத்தில். டபுள் பேஸ் வாசித்த மில்ட் ஹின்டனைக் கேமராக்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. அந்த மெதுநடையைத் தாங்கிப் பிடிப்பவர் அவர்தான். ஆனால் ஹின்டன் தம் காலத்து ஜாஸ் உலகத்தையே புகைப்படமாக எடுத்து வைத்தவர். இந்த நிகழ்ச்சியின் ஒத்திகையிலும் அவர் கேமராவோடுதான் இருந்தார். சி.பி.எஸ். கேமராக்கள் எதிரே நின்று பார்த்ததை, கூட வாசித்தவரின் இடத்திலிருந்து பார்க்க விரும்புகிறவர்கள் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்கலாம்.