இதயத்திற்குச் செலினியம் கவசமாகுமா?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு உற்றார் உறவினர் ஒரு யோசனை சொல்வதுண்டு: "செலினியம், துத்தநாகம் கலந்த மாத்திரை சாப்பிடுங்கள், மருந்தின் கெடுதி இதயத்தை அண்டாது." தல்லாகுளத்து மருந்துக் கடைகளில் இத்தகைய மாத்திரைகள் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. சொல்பவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் சான்று உண்டா என்று பார்க்க வேண்டாமா?

கெடுதி கற்பனையன்று. டாக்ஸோரூபிசின் என்ற செந்நிற மருந்து மார்பகப் புற்றுநோய் முதலியவற்றுக்குப் பல்லாண்டுகளாகப் பயன்படுகிறது. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறினால் 100க்கு 5 பேருக்கும், 550 மில்லிகிராம் ஏறினால் 26 பேருக்கும் இதயம் தளரக்கூடும் என 2003இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

காரணம் என்ன? இம்மருந்து இதயத் தசையிலுள்ள இரும்புடன் சேர்ந்து, ஜோடியில்லாத எலெக்ட்ரான் கொண்ட துண்டு மூலக்கூறுகளைத் தோற்றுவிக்கிறது. தனி உறுப்புகள் எனப்படும் இவை, ஜோடி தேடிப் பக்கத்து மூலக்கூறுகளின் எலெக்ட்ரான்களைப் பறிக்கின்றன. இச்சேதத்தைத் தடுக்கும் நொதி ஒன்றில் செலினியம் இருப்பது 1973இல் தெரியவந்தது. சீனாவில் செலினியம் குறைந்த பகுதிகளில் பரவியிருந்த கேஷான் என்னும் இதய நோய், செலினியம் கொடுத்தபின் குறைந்ததும் உண்மையே. மாத்திரையைச் சிபாரிசு செய்பவர்களின் வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இவ்வாதத்தில் மூன்று ஓட்டைகள் உள்ளன.

முதலாவது, கேஷானில் தீர்ந்தது பற்றாக்குறை. குறையில்லாதவருக்கு மேலும் கொடுத்தால் மேலும் நன்மை என்பது அதிலிருந்து பெறப்படாது. அளவு மிஞ்சினால் செலினியம் நஞ்சு. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பகுதிகளில், மண்ணில் செலினியம் மிகுந்த சில ஊர்களில் மக்களுக்கு முடி உதிர்ந்தது; நகங்கள் கெட்டன.

இரண்டாவது, எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்பதில்லை. செலினியத்தைப் போலவே தனி உறுப்புகளை அடக்கும் வைட்டமின் 'ஈ', 1977இல் எலிகளின் இதயத்தைக் காத்தது. 1980களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அப்பலன் கிட்டவில்லை.

மூன்றாவது, தனி உறுப்புகள் மட்டுமே குற்றவாளிகள் அல்ல. டோபோஐசோமெரேஸ் 2 பீட்டா என்ற நொதியின் வழியாக டி.என்.ஏ. இழை முறிவதே முக்கியக் காரணம் என்று 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். அதுவும் எலிச் சோதனைதானே என்று கேட்கலாம். ஆனால் மனிதரிடமே பலன் கண்ட டெக்ஸ்ராஸாக்ஸேன் என்ற மருந்து இதற்கு ஒத்துவருகிறது: அது இரும்பைப் பிடித்துக்கொள்வதோடு அந்த நொதியையும் தடுக்கிறது. நிரூபணமான காப்பு மருந்து உடலில் தாதுவைக் கூட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு அச்சமும் உண்டு. இதயத்தைக் காக்கும் கவசம் புற்றணுவையும் காத்துவிட்டால்? வைட்டமின் ஏ, சி, ஈ போன்றவற்றைச் சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் உட்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நோய் திரும்புவது கூடுதலாக இருந்ததாக 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. இது முடிவான சான்றன்று, எனினும் எச்சரிக்கை.

எனவே, மாத்திரை எதுவானாலும் சிகிச்சையளிக்கும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும் எக்கோ பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மாணவர்கள், மருந்தைப் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பலன் கண்டது எலியா, மனிதரா?