டிவி ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு களஞ்சியம்

2021 ஜூன் 1 வரை நாம் கூகுள் போட்டோஸில் கணக்குப் பார்க்காமல் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து ஏற்றுகிற ஒவ்வொரு படமும் 15 ஜிபி இலவச அளவுக்குள் அடங்கியாக வேண்டும் என்றானது. மாதாமாதம் வாடகை கட்டுவதா, சொந்தமாக ஒன்றை வாங்கி வைப்பதா என்ற பேச்சு அக்கா வீட்டில் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு மாமா ரிச்சி தெருவுக்குப் போய், இரண்டு ஹார்ட் டிஸ்க் போடுகிற நாஸ் பெட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். வேளச்சேரி வீட்டில் அதைப் பொருத்திக் கொடுத்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, கீழே வரும் குறைகளில் பாதி என் கைவேலை.

நாஸ் என்றால் ரவுட்டரோடு கேபிளில் இணைந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி. உள்ளே பெரும்பாலும் லினக்ஸ் ஓடும் சிறு கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். வீட்டிலுள்ள லேப்டாப், ஃபோன், டிவி எல்லாம் அதைப் பொதுவில் பயன்படுத்தலாம். இதை வாங்குகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு என்பார்கள். என் கணிப்பில் இந்தப் பெட்டி தடுமாறுவதே அங்கேதான். இது உண்மையிலேயே நன்றாகச் செய்யும் வேலைக்காக யாரும் இதை வாங்குவதில்லை.

அந்த நல்ல வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கல்யாண வீடியோ ஒரு டிவிடியில் கிடந்தது, பிள்ளைகளின் படங்கள் நான்கு ஃபோன்களில் சிதறிக் கிடந்தன, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எந்தப் பென் டிரைவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் ஓரிடத்துக்கு வந்தன. இன்டர்நெட் அறுந்து கிடந்த நாளிலும் பழைய வீடியோக்கள் டிவியில் ஓடின. ஃபோன் வைஃபைக்குள் வந்ததும் புதுப் படங்கள் தாமாகப் போய்ச் சேர்ந்தன. கூட்டுக் குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பீரோ இருக்குமே, அந்த வசதி. இதற்கு மட்டுமே கூட அந்தக் காசு தகும் என்பேன்.

பொருத்துவதில் சிரமம் வந்தது எதிர்பாராத இடத்தில். பெட்டிக்குள் டிஸ்கைச் சொருகித் திரையில் சொல்வதை அழுத்திக்கொண்டே போக அரை மணி நேரம்தான் ஆனது. ஆனால் 200 ஜிபி படங்களை மாற்றத் தொடங்கினால் வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. அந்தக் கணக்கில் ஐந்து மணி நேரம். ஜிகாபிட் இணைப்பு சரியாக இருந்தால் அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை. பெட்டியைச் சந்தேகித்தோம், ரவுட்டரைச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், சுவர் ஓரமாக லேன் கேபிள் இழுத்துக் கொடுத்தவர் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் பின்னில் மாட்டியிருந்தார். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இன்டர்நெட் மட்டும் பார்த்தவரை அந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்து ஐபி முகவரி. கரண்ட் போய் வந்த ஒரு நாள் பெட்டி எல்லாக் கருவிகளிலும் காணாமல் போனது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ரவுட்டர் அதற்குப் புது முகவரி கொடுத்திருந்தது, அவ்வளவுதான். ரவுட்டருக்குள் போய் அந்தப் பெட்டிக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை. முதல் நாளே நான் செய்திருக்க வேண்டும்.

இனி பாதுகாப்பு. இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவலை எழுதுகிற ரெய்டு 1 முறையைத்தான் வீடுகளில் அதிகம் வைக்கிறோம். ரெய்டு என்ற பெயரை 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் தங்கள் கட்டுரையில் வைத்தபோது அவர்கள் பேசியது, விலை குறைந்த டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து வேகமாகவும், ஒன்று பழுதானாலும் நிற்காமலும் ஓட வைப்பது பற்றி. அது வேலை தடைப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு. பிள்ளை தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அது அதே நொடியில் இரண்டு டிஸ்கிலும் அழியும். கண்ணாடியில் நம் முகம் தெரிகிறது என்பதற்காக நமக்கு இரண்டு முகம் ஆகிவிடுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மிதந்தபோது அக்கா முதலில் தூக்கி மேலே வைத்தது கேஸ் சிலிண்டரையும் அரிசி மூட்டையையும். டிவி ஸ்டாண்டுக்கு அடியிலிருந்த பெட்டியின் நினைவு யாருக்கும் வரவில்லை. தண்ணீர் வாசற்படியோடு நின்றது அதிர்ஷ்டம். உள்ளே வந்திருந்தால் இரண்டு பிரதியும் சேர்ந்தே நனைந்திருக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வெளியே திறக்கிற கதவு. ஊரில் இருக்கும்போதும் ஃபோனில் படம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பலர் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து பெட்டியை நேராக இன்டர்நெட்டுக்குக் காட்டிவிடுகிறார்கள். 2021 ஏப்ரலில் கியூநாப் பெட்டிகளில் கியூலாக்கர் என்ற பணயத் தாக்குதல் புகுந்து, கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டுச் சுருட்டி வைத்துவிட்டு 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் உலகின் பல மூலைகளில் யாரோ தூரத்திலிருந்து கொடுத்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தங்களைத் தாமே காலியாக்கிக்கொண்டன. அவற்றுக்குக் கடைசி மென்பொருள் புதுப்பிப்பு வந்தது 2015இல். ஆறு ஆண்டு பழைய பூட்டோடு தெருவைப் பார்த்து நின்ற கதவு. வெளியிலிருந்து பார்க்க முடியவில்லையே என்று மாமா நெடுநாள் குறைபட்டார். அவருடைய இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே வெளி முகவரியைக் கொடுப்பதால் போர்ட் திறந்தும் பயனில்லாமல் போனது. அந்தக் குறைதான் அவரைக் காத்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கட்டாயம் வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழி இருக்கிறது. கதவைத் திறக்காமலே உள்ளே போகலாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: 20 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 29 யூனிட். பெரிதில்லை, ஆனால் கட்டணப் படியின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு உறைக்கும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சும்மா விடக் கூடாது. யுபிஎஸ் மோடில் வைக்காவிட்டால் அது மாறுகிற கணத்தில் பெட்டி அணைந்து எழலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நேர்வது டிஸ்கிலுள்ள தகவலுக்கு நல்லதல்ல.

சொந்தம் என்கிற வாதத்திலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 2025இல் சைனாலஜி தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தான் அங்கீகரித்த டிஸ்குகளையே போட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தது. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு அதே ஆண்டு அக்டோபரில் அதைத் தளர்த்தியது. பெட்டி நம் வீட்டில் இருந்தாலும் கடிவாளம் இன்னொரு கையில் இருக்க முடிகிறது. இருந்தாலும் வாடகைக் கிளவுடைவிட இதையே நான் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: பெட்டிக்குப் பின்னால் யூஎஸ்பியில் செருகி மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, வேறு வீட்டில் வைக்க ஒரு டிஸ்க் வேண்டும். மாமா அதை வாங்கினார். இப்போது அது திருச்சியில் அம்மாவின் புடவைப் பெட்டியில் இருக்கிறது.

மாதம் ஒருமுறை என்றது எத்தனை மாதம் நடந்தது என்று கேட்காதீர்கள். போன வருடம் மாமா வேலை விஷயமாக வெளிநாட்டில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, "தம்பி, அந்தப் பெட்டியில ஆரஞ்சு லைட்டு எரியுதே, அது எப்பவும் அப்படித்தானே?" என்றாள். எத்தனை நாளாக என்றேன். "மூணு வாரம் இருக்கும். பச்சையைவிட நல்லாயிருக்குன்னு சின்னவ சொன்னா." ஒரு டிஸ்க் போய்விட்டிருந்தது. மூன்று வாரமும் மற்றது தனியாகச் சுமந்திருக்கிறது. கல்யாண வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் நிர்வாகி பாஸ்வேர்டு மாமாவுக்கு மட்டும்தான் தெரியும், அவர் விமானத்தில் இருந்தார்.