கிரில்லுக்குப் பின்னால் ஒரு கூலர்

கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தை எட்டும்போது உயரம் 11,000 அடியைத் தாண்டிவிடுகிறது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறும் பிக்கப்பில் அதிகம் அவதிப்படுவது கியர்பாக்ஸ்தான். டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்க வழுக்க எண்ணெய் சூடேறும்.

அதற்காகத்தான் ஏசி கண்டென்சருக்கு முன்னால், புத்தக அளவில், இந்த அலுமினியக் கூலர். அடுக்கடுக்காய்த் தகடுகள், இடையே விரல் பட்டாலே மடங்கும் மெல்லிய மடிப்புகள். செந்நிற எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்குள் போய், மிச்சச் சூட்டை இங்கே இறக்கிவிட்டுத் திரும்பும். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தால், சில கூலர்களில் உள்ள பைபாஸ் வழி அதைக் குறுக்கு வழியில் திருப்பி அனுப்பிவிடும். கச்சிதமான ஏற்பாடு!

பிளாஸ்டிக் டையை ரேடியேட்டருக்குள் குத்திக் கூலரைக் கட்டுகிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. உரசி உரசியே குழாய் ஓட்டையாகும். இரும்புப் பட்டை வைத்து முடுக்க அரைமணி நேரம் கூடுதலாகும், ஆகட்டுமே.