சாத்தன் நீங்கிய பின்: ‘மை டியர் குட்டிச்சாத்தன்’ திரைப்படமும் சிலப்பதிகாரத் தேவந்தி கதையும்

முன்னுரை

1984ஆம் ஆண்டு வெளிவந்த ‘மை டியர் குட்டிச்சாத்தன்’ என்னும் மலையாளப் படம் இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமாகும். நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர்தம் மகன் ஜிஜோ இயக்கினார். ரகுநாத் பலேரி திரைக்கதை எழுத, அசோக்குமார் ஒளிப்பதிவு செய்ய, இளையராஜா இசையமைத்தார். இப்படம் பற்றிய பேச்சு பெரிதும் அதன் தொழில்நுட்பத்தையே சுற்றி வருகிறது. கண்ணாடி அணிந்த பார்வையாளரை நோக்கித் திரையிலிருந்து பொருள்கள் நீண்டு வந்த வியப்பே பலர் நினைவிலும் நிற்கிறது. எனினும், இழப்புக்கு ஆளான குழந்தைகளுக்கு மாயம் என்ன தருகிறது என்பதே படத்தின் உள்வினாவாகும். அவ்வினாவைத் தமிழ் மரபில் முன்னரே எழுப்பிய சிலப்பதிகாரக் கனாத்திறம் உரைத்த காதையுடன் இப்படத்தை ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் இடமும்

இவ்வொப்பீட்டுக்குத் திருவனந்தபுரத்தின் கரமனை பொருத்தமானதொரு நிலைக்களம். கரமனை ஆற்றை ஒட்டிய அக்கிரகாரங்களில் தலைமுறைகளாகத் தமிழ் வீட்டுமொழியாகவும் மலையாளம் ஊர்மொழியாகவும் வழங்கி வருகின்றன. கேரளத் தமிழ் அந்தணர் நடத்தும் சாஸ்தா பிரீதி வழிபாடு இத்தகைய தெருக்களின் மரபாகும். சாஸ்தா, சாத்தன் என்னும் இரு சொற்களையும் தொடர்புடையனவாகவே அறிஞர் பலர் கருதுவர். ஆயினும் வழக்கில் ஒன்று ஊர் கூடி வணங்கும் தெய்வத்தையும், மற்றொன்று மந்திரவாதியின் ஏவலுக்கு அஞ்சி நிற்கும் சிறு தெய்வத்தையும் குறித்து விலகி நிற்கின்றன.

தமிழ்ச் செவிக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் ‘சாத்தன்’ என்னும் சொல் குறிலில் முடிகிறது. தொடக்க ஒலியாலும் அது விவிலியச் சாத்தானிலிருந்து வேறுபடுகிறது. தமிழ் எழுத்தில் அவ்வொலி வேறுபாடு மறைகிறது. ‘குட்டிச்சாத்தான்’ என ஈறும் நீளும்போது, பூம்புகாரில் கோயில் கொண்ட சாத்தனும் விவிலியத்தின் தீய ஆவியும் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றனர். குறும்பு செய்யும் பிள்ளையைக் ‘குட்டிச்சாத்தான்’ என ஏசும் தமிழ் வழக்கில் அச்சமும் செல்லமும் கலந்தே உள்ளன. படத்தலைப்பின் ‘மை டியர்’ என்னும் முன்னொட்டு அக்கலப்பிலிருந்து செல்லத்தை மட்டும் பிரித்தெடுக்கிறது.

காப்பியத்தின் சாத்தன்

மாலதி என்பாள் மாற்றாளின் குழந்தைக்குப் பால் புகட்டுகையில், பால் விக்கிக் குழந்தை இறக்கிறது. பழிக்கு அஞ்சிய அவள் அவ்வுடலைச் சுமந்து கோயில் கோயிலாகச் சென்று, பாசண்டச்சாத்தன் கோட்டத்தில் வரம் வேண்டிக் கிடக்கிறாள். இடாகினிப் பேய் அவ்வுடலையும் பறித்துத் தின்றுவிடுகிறது. அவளது அழுகைக்கு இரங்கிய சாத்தன், தானே அக்குழந்தையாகிக் கிடக்கிறான். பின் வளர்ந்து, கற்று, பெற்றோர்க்குக் கடன் ஆற்றி, தேவந்தியை மணந்து எட்டாண்டு வாழ்கிறான். முடிவில் தன் மூவா இளநலம் காட்டி, தன் கோட்டத்திற்கு வருமாறு கூறி நீங்குகிறான்.

இங்கு இறந்த குழந்தை மீளவில்லை என்பது கருதத்தக்கது. அதன் இடம் மட்டுமே சிலகாலம் நிரம்புகிறது. மாலதியின் துயர் தீர்கிறது. பெற்ற தாய் இழப்பை அறியாமலே வாழ்கிறாள். அந்த ஆறுதலின் விலையைச் செலுத்துபவள், குழந்தையின் சாவோடு எவ்வகையிலும் தொடர்பற்ற தேவந்தியே ஆவாள்.

திரைப்படத்தின் சாத்தன்

திரைப்படத்தில் கொடிய மந்திரவாதி ஒருவனுக்கு அடிமைப்பட்டிருந்த குட்டிச்சாத்தனை மூன்று குழந்தைகள் விடுவித்து நட்புக் கொள்கின்றனர். அவர்களுள் சிறுமியின் தந்தை குடிக்கு அடிமையானவர். உயிரோடிருந்தும் மகளுக்கு இல்லாதவர். சாத்தன் அவ்வீட்டின் வெறுமைக்குள் விளையாட்டாக நுழைகிறது. மந்திரவாதி அழிந்தபின், குழந்தைகளைப் பிரிந்தும் செல்கிறது.

காப்பியச் சாத்தன் தான் யாரென்பதை மறைத்து இடத்தை நிரப்புகிறான். திரைப்படச் சாத்தனையோ குழந்தைகள் தொடக்கம் முதலே சாத்தனாகவே அறிவர். ஆகவே அவர்தம் பிரிவில் ஏமாற்றம் இல்லை. துயரம் மட்டுமே உண்டு. மேலும், சாத்தனை விடுவிப்பது மாயத்தின் துணையின்றி அவர்கள் செய்த செயலாகும். மாயம் குழந்தைகளுக்கு உதவும் முன்பே குழந்தைகள் மாயத்திற்கு உதவிவிட்டனர். அவர்கள் கொள்ளும் தன்னம்பிக்கையின் வேர் இச்செயலில்தான் உள்ளது.

சுழலும் அறை

குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து ஆடும் பாடற்காட்சி இக்கருத்தைக் காட்சியாக்குகிறது. கணினி வரைகலை இந்தியத் திரையில் வழக்கில் இல்லாத அக்காலத்தில், கலை இயக்குநர் கே. சேகர் ஓர் அறையையே சுழலும் அரங்காக வடிவமைத்தார். படக்கருவியும் அறையோடு சேர்ந்து சுழன்றமையால், அறை அசையாதிருப்பதாகவும் குழந்தைகள் தலைகீழாக நடப்பதாகவும் தோன்றுகிறது. உண்மையில் குழந்தைகள் எப்போதும் தரையில் நிமிர்ந்தே நடந்தனர், தலைகீழானது வீடுதான். குடியால் நிலைகுலைந்த வீட்டில் நிமிர்ந்து நிற்கும் சிறுமியின் கதைக்கு இதனினும் பொருத்தமான காட்சியைக் காண்பது அரிது.

எனினும் இந்த வலிமையைப் படம் இறுதிவரை காத்ததாகக் கூற இயலாது. தந்தையைத் திருத்தும் பகுதியில் சாத்தனின் விளையாட்டும் மிரட்டலுமே முன்னிற்கின்றன; மகளின் சொல் பின்தள்ளப்படுகிறது. பின்னாளில் காட்சிகள் சேர்க்கப்பட்டு, 2010இல் ‘சுட்டிச் சாத்தான்’ எனத் தமிழில் வந்த வடிவம் இக்குறையை மேலும் பெருக்கியது. பிரகாஷ்ராஜ் முதலிய பெரியவர்களின் காட்சிகள் புகுந்தமையால், கதையின் நடுவிடம் குழந்தைகளிடமிருந்து நழுவியது.

கண்ணகியின் மறுப்பு

அதே காதையில் மற்றொரு குரலும் ஒலிக்கிறது. சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைக் கூடலாம் என்று தேவந்தி கூற, அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுக்கிறாள். சாத்தனால் கைவிடப்பட்டவள் தெய்வத்தைப் பரிந்துரைக்கிறாள். கோவலனால் கைவிடப்பட்டவள் தன்னையே நம்புகிறாள். இளங்கோவடிகள் இருவரையும் ஒரே காதையில் அருகருகே நிறுத்தியது தற்செயலாகாது. தேவந்தியின் இடத்தில் தொடங்கிக் கண்ணகியின் இடத்தை நோக்கி நடக்கும் கதையாக ‘மை டியர் குட்டிச்சாத்த’னை வாசிக்க இயலும்.

முடிவுரை

சாத்தன் நீங்கியதோடு திரைப்படம் முடிந்துவிடுகிறது. காப்பியமோ கைவிடப்பட்டவளைப் பின்தொடர்கிறது. வரந்தரு காதையில் தேவந்தி சேரநாட்டு வஞ்சியில் நிற்கிறாள். அவள்மீது பாசண்டச்சாத்தன் ஏறிப் பேசுகிறான். நீங்கியவன் அவள் குரலாகித் திரும்புகிறான். மாயம் இழப்பை நீக்குவதில்லை. இழந்தவர் தம் காலில் நிற்கும் வரை உடனிருந்து, பின் அவருள் ஒரு குரலாகத் தங்குகிறது. சாத்தனின் பிரிவுக்குப் பின் அச்சிறுமிக்கு வாய்த்த குரல் யாது என்பதைப் படம் சொல்லவில்லை. சேரநாட்டு மண்ணில் தேவந்திக்கு வாய்த்ததை அறிந்த தமிழ் வாசகர், ‘சாஸ்தா’வும் ‘சாத்த’னும் ஒரே தெருவில் வழங்கும் கரமனை போன்ற ஊர்களில் அவ்விடையைத் தேடத் தொடங்கலாம்.