மறந்த தலைப்பும் எஞ்சிய கதையும்: மலிவுப் பதிப்பு விஞ்ஞானப் புனைகதை பற்றிய ஒரு நோக்கு

இளமையில் வாசித்த விஞ்ஞானப் புனைகதையொன்றின் தலைப்பையும் ஆசிரியரையும் மறந்துவிட்ட வாசகர், நினைவில் எஞ்சிய கதைக்கூற்றையும் அட்டைப்படத்தையும் கொண்டு அந்நூலைத் தேடுவது மேனாட்டில் பெருவழக்கு. இதனைப் பழமை மோகமெனத் தள்ளிவிடுவோர் உளர். ஆயின், அத்தேடலின் இடர்ப்பாடுகள் வாசகரின் மறதியால் மட்டும் விளைவன அல்ல. நூலின் உற்பத்தி முறைக்கும் அவற்றிற் பெரும்பங்குண்டு.

அமெரிக்காவின் ஏஸ் பதிப்பகம் 1952 முதல் 1973 வரை வெளியிட்ட இரட்டை நூல்கள் இதற்குத் தக்க சான்றாகும். ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பிணைக்கப்பட்ட இரு நாவல்கள், இருபுறமும் முகப்பட்டையுடன், தொடக்கத்தில் 35 சதத்துக்கு விற்கப்பட்டன. 1951இல் நூலுருப்பெற்ற ஐசாக் அசிமோவின் ‘பவுண்டேஷன்’, 1955இல் சுருக்கப்பட்டு, ‘ஆயிரமாண்டுத் திட்டம்’ எனப் பொருள்படும் புதுத்தலைப்புடன் இவ்வரிசையில் வெளிவந்தது. அதனுடன் பிணைக்கப்பட்ட போல் அண்டர்சனின் நாவலும், சஞ்சிகையில் தொடராக வந்தபோது வேறு தலைப்பையே கொண்டிருந்தது.

இவ்விரட்டை நூலை வாசித்தவர் பிற்காலத்தில் ‘பவுண்டேஷன்’ நூலின் முழுப்பதிப்பைக் கண்டெடுப்பாராயின், தாம் முன்னர் வாசித்திராத பகுதிகளை அதிற் காண்பார். தம் நினைவையே அவர் ஐயுறக்கூடும். உண்மையில் வேறுபட்டது பிரதியே. எழுத்தாளனின் ஆக்கம் விற்பனைப் பண்டமாகும்போது அதன் பெயரும் அளவும் சந்தையின் தேவைக்கேற்ப மாறுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நூலகப் பட்டியல்கள் ஆசிரியர், தலைப்பு என்பவற்றை முதன்மையாகக் கொண்டவை. கதையை மட்டும் அறிந்தவருக்கு அவை அதிகம் உதவா. இக்குறையை நிரப்ப முனைந்தோருட் பலர் ஆர்வலர்களே. அவுஸ்திரேலியரான டொனால்ட் டக் தொகுத்த கலைக்களஞ்சியம் 1974, 1978, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1995இல் தொடங்கிய இணையத் தரவுத்தளமும் தன்னார்வலர் உழைப்பினாலேயே வளர்ந்தது. வெகுசன இலக்கியத்தைப் புறக்கணித்த ஆய்வுலகம் இன்று அவ்வுழைப்பின் பயனை நுகர்கின்றது.

எனினும், இத்தேடல்கள் பெரும்பாலும் தலைப்பு கிடைத்ததும் நிறைவுறுகின்றன. விமர்சகன் அங்கே நின்றுவிடலாகாது. எந்தப் பதிப்பு, எவ்வளவு சுருக்கப்பட்டது, எவர் கைக்கு எட்டும் விலையில் விற்கப்பட்டது என்பனவும் வினவப்படல் வேண்டும். 1955இல் 35 சதம் கொடுத்து வாங்கியவர் வாசித்தது சுருக்கப்பட்ட பிரதியையே. அவ்வாசகரிடத்து அந்நாவல் பெற்ற செல்வாக்கை மதிப்பிட முனைவோர், முழுப்பதிப்பை மட்டும் ஆதாரமாகக் கொள்ளுதல் பொருந்தாது.