ஓராண்டின் திரைப்படங்களை மதிப்பிடல்

ஓராண்டுத் திரைப்படங்களின் தரத்தைப் பரிசுபெற்ற படமொன்றாலேயே அளத்தல், முதன்மாணவனைக் கொண்டு வகுப்பு முழுவதையும் அளப்பதை ஒக்கும். 1939ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசுக்குப் பத்துப் படங்கள் போட்டியிட்டன. வென்றது ‘கோன் வித் த வின்ட்’. வண்ணமும் காட்சி விரிவும் நடிப்பும் அதன்கண் சிறந்துள்ளன. எனினும், அடிமை வாழ்வை இனிதெனக் காட்டிய குற்றம் அதனை விட்டு நீங்காது. தோற்றவற்றுள், ஜோன் போர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ ஒரு வண்டிப் பயணத்தைக் கொண்டே சமுதாயத்தின் போலி மதிப்புகளை வெளிப்படுத்திற்று. கப்ராவின் ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ அமெரிக்கச் செனற் சபையிற் புகுந்த ஊழலைச் சாடிற்று. ‘த விசார்ட் ஒவ் ஓஸ்’ இன்றும் சிறுவரை மகிழ்விக்கின்றது. இவ்வாறு தோற்றவையும் நிலைத்து வாழ்தலே அவ்வாண்டின் உண்மைப் பெருமையாகும். ஆதலின், ஓராண்டை மதிப்பிடப் புகுவோர் வென்றதனோடு அமையாது, தோற்றவற்றையும் ஆராய்ந்தே தீர்ப்புக் கூறுதல் வேண்டும்.