ஆர்டுயினோ வழிக் கற்றல்: ஒரு மதிப்பீடு

மைக்ரோகன்ட்ரோலர் கற்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது ஆர்டுயினோ பலகையைத்தான். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவானது அது. நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, இத்தகைய பலகைகளை 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களிடம் கொண்டுவந்தது. ஆய்வகம் வாய்க்காத பெருநகர்ப் பக்கத்து மாணவரும் சென்னை ரிச்சி தெருவில் ஒரு நகல் பலகையைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். பலகையின் வரைபடத்தையே பொதுவில் வைத்ததால் கிடைத்த மலிவு இது.

இந்த வழியின் பலம் தொடக்கத்தில் இருக்கிறது. 8051 சில்லில் கற்ற தலைமுறைக்கு அசெம்பிளி மொழியும் தனியாக ஒரு புரோகிராமர் கருவியும் தேவைப்பட்டன. ஆர்டுயினோவிலோ சில்லுக்குள் இருக்கும் பூட்லோடர் யுஎஸ்பி வழியே நிரலை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை செய்ய வேண்டியது ‘செட்டப்’ பகுதியில், ஓயாமல் செய்ய வேண்டியது ‘லூப்’ பகுதியில். ஆர்டுயினோ ஊனோ பலகையில் 13-ஆம் பின்னோடு ஒரு எல்இடி சேர்ந்தே வருவதால், ஒரு கம்பிகூடச் செருகாமல் முதல் நிரலை ஓட்டிப் பார்க்கலாம். இடறுவது வேறு இடத்தில்: நகல் பலகையின் சிஎச்340 சில்லுக்குச் சில கணினிகளில் தனி டிரைவர் வேண்டும், மைக்ரோ யுஎஸ்பி பலகைக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும் போன் கேபிளைச் செருகினால் கணினி பலகையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

குறை அந்த முதல் நிரலிலேயே ஒளிந்திருக்கிறது. விளக்கு மின்ன அது ‘டிலே’ கட்டளையைப் பயன்படுத்துகிறது. காத்திருக்கச் சொன்ன நேரம் முழுக்க லூப் அதே வரியில் நிற்கும். விளக்குக்கு அதனால் கேடில்லை. அதே பழக்கத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டியைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் நிரலை எழுதினால், இடையில் தொட்டி வழிவதை அது அறியாது. ஒரு நிமிடம் காத்திருக்க டிலே(60 * 1000) என்று எழுதுபவருக்கு இன்னொரு பொறி. ஊனோவில் சாதாரண முழு எண் 16 பிட், 32,767-ஐத் தாண்டாது. பெருக்குத்தொகை அதனால் எதிர்ம எண்ணாகப் புரண்டு, பிறகு 32 பிட் எண்ணாக மாறி, காத்திருப்பு ஏறக்குறைய 50 நாளாகிவிடும். 60000 என்று நேராக எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. டிலே இல்லாமல் விளக்கை மின்னவிடும் மாதிரி நிரலும் அதே மென்பொருளில் கூடவே வருகிறது. விளக்கு மின்னியதும் கற்பித்தல் கண்காட்சி மாதிரிக்குத் தாவிவிடுவதால் அந்தப் பக்கம் போவோர் குறைவு.

அந்தக் கண்காட்சி மாதிரிகளும் இரவல்தான். கண்காட்சிக்கென்றே பிறந்ததுபோல எங்கும் தென்படுவது இரட்டை முள் ஈரப்பத சென்சார். பூந்தொட்டிக்கு அது சரி. உத்திரமேரூர் வட்டாரத்து நெல்வயலில், தண்ணீர் நிற்கும் நாளெல்லாம் அது ‘ஈரம்’ என்று மட்டுமே சொல்லும். இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்தால் முள்ளும் சில வாரங்களில் அரித்துப்போகும். அளக்கும்போது மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஆயுள் கூடும். ஆனால் நெல்லுக்குத் தெரிய வேண்டியது நீர்மட்டம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையில், துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை நீர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சுவார்கள். அந்தக் குழாயின் வாயில் ஒரு தூரமானியைப் பொருத்துவது இங்குள்ள மாணவருக்குப் பொருத்தமான பயிற்சி. நீர் இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்தால் மலிவான அல்ட்ராசோனிக் சென்சார் தடுமாறும் என்பதையும் அப்போதே கற்கலாம்.

அடுத்த ஆசை இயல்பாகவே பம்ப் செட்டின் பக்கம் திரும்பும். இந்த இடத்தில் எளிமை ஆபத்தாகிறது. கிட்டில் வரும் ரிலேயில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அது ஒற்றைக் கம்பியை வெட்டிச் சேர்ப்பது. த்ரீ பேஸ் மோட்டாரோ கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மூன்று பேஸையும் சேர்ப்பது ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டரின் வேலை. ரிலே அதன் காயிலை மட்டுமே தொட வேண்டும். காயில் இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட்டில் இருந்தால் கிட் ரிலேக்கு அதுவும் மிஞ்சிய சுமை. அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் இன்னொரு ரிலேயை நடுவில் வைத்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டே இணைக்க வேண்டும்.